மரியரட்ணம் எழுதிய விதி

இனிமேல் தன் விதியைத் தானே எழுதுவது என்று மரியரட்ணம் தீர்மானித்தார். தீர்மானித்த இடம் சமையலறை. கையில் சட்டி தேய்க்கிற நார். எதிரே மலைபோலப் பாத்திரம். லூடோவில் தோற்றவர் பாத்திரம் கழுவ வேண்டும் என்பது அந்த வீட்டுச் சட்டம். சட்டம் இரண்டு பேருக்கும் பொது. பாத்திரம்தான் எப்போதும் ஒருவருக்கே வாய்த்தது.

நோர்வூட்டுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் அவர் பெக்டரி கிளாக்கர். பெக்டரிக்குள் அவர் கையெழுத்து இல்லாமல் ஒரு மூட்டைத் தூள் வெளியே போகாது. லொறிக்காரர்கள் தொப்பியைக் கழற்றிவிட்டுத்தான் அவரிடம் பேசுவார்கள். அப்பேர்ப்பட்ட மனிதர் குவாட்டர்ஸ் கதவைத் திறந்து உள்ளே வந்ததும் வெறும் சட்டி கழுவுகிறவர். இது என்ன நியாயம் என்று அவர் சுவரைக் கேட்டார். சுவர் அவர் மனைவி மெரினா பக்கம்.

மெரினா அதே தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவுக்குப் பொறுப்பு. கொழுந்து பறிக்கப் போகிற தாய்மார் விட்டுவிட்டுப் போகிற கைக்குழந்தைகளை எல்லாம் அவள்தான் பார்த்துக்கொள்வாள். கத்துகிற பிள்ளையை ஒரு பார்வை பார்த்தால் போதும், அது வாயை மூடிக்கொண்டு தூங்கிவிடும். அந்தப் பார்வைக்கு டைஸ் எம்மாத்திரம்? ஆறு வேண்டுமென்றால் ஆறு விழும். மூன்று வேண்டுமென்றால் மூன்று விழும்.

"நீ டைஸ்ல என்னமோ பண்ணுற."

"நான் என்னங்க பண்ணுறேன்? உருட்டுறேன். அது விழுது."

"எனக்கு மட்டும் ஏன் விழ மாட்டேங்குது?"

"நீங்க திட்டிக்கிட்டே உருட்டுறீங்க. திட்டினா யாருதான் சொல்பேச்சு கேப்பாங்க?"

பாத்திரம் போனால் போகட்டும். மரியரட்ணத்தின் வயிற்றெரிச்சல் கிறிஸ்மஸைப் பற்றியது. கிறிஸ்மஸை யார் வீட்டில் கொண்டாடுவது என்பதும் ஒவ்வொரு வருடமும் லூடோவில்தான் முடிவாகும். ஆகவே ஒவ்வொரு வருடமும் கந்தப்பளை. மெரினாவின் அண்ணன் ஜூலியன் வீடு. அந்தக் குளிரில் மூக்கு இருக்கிறதா, விழுந்துவிட்டதா என்று தொட்டுப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஜூலியன் மரக்கறி லொறி வைத்திருக்கிறவர். பாலன் பிறப்புப் பூசை முடிந்து வந்து உட்கார்ந்தால் தான் ஏற்றுகிற லீக்ஸைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார். விடிந்தாலும் லீக்ஸ் முடியாது. அங்கே அக்கரப்பத்தனையில் மரியரட்ணத்தின் ஒரே தங்கை மரியநாயகி, அண்ணன் வருவான் வருவான் என்று வருடா வருடம் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"லூடோ வெறும் அதிர்ஷ்டம்," என்றார் மரியரட்ணம், கையைத் துடைத்துக்கொண்டு. "மூளைக்கு அங்க வேலை இல்ல. நான் புதுசா ஒரு ஆட்டம் செய்யப்போறேன். கட்டம் நான் கீறுவேன். விதி நான் எழுதுவேன். அச்சடிச்சுக் கொண்டாருவேன்."

"நல்லது," என்றாள் மெரினா. "அந்தச் சட்டியில அடி இன்னும் கருப்பா இருக்கு பாருங்க."

அன்று தொடங்கினார். சாப்பாட்டு மேசை வரைபலகை ஆனது. மெரினா சோற்றுக் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டாள். ஆட்டத்தின் பெயர் 'மலையேற்றம்'. கீழே தொழிலாளர் லயத்திலிருந்து புறப்பட்டு, மேலே துரை பங்களாவுக்குப் போய்ச் சேர வேண்டும். டைஸுக்கு அந்த வீட்டில் இனி இடமில்லை. பால்மா டின்னுக்குள் எண் எழுதிய துண்டுகளைப் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டு எடுக்க வேண்டியது. காய்க்கு நிஜமான தேயிலைக் காயே வைத்தார். ஒன்றுக்குச் சிவப்பு, ஒன்றுக்குப் பச்சை.

வழியெல்லாம் கண்ணி. 'காலையில் பேர் பதிகிற பெரட்டுக்குப் பிந்தி வந்தாய், லயத்துக்குத் திரும்பிப் போ.' 'அட்டை கடித்தது, இரண்டு கட்டம் பின்னே.' 'பனி மூட்டம், ஓர் ஆட்டம் நில்.' 'ஹட்டன் பஸ்ஸில் சீட் கிடைத்தது, ஐந்து கட்டம் முன்னே.' அதுவரைக்கும் பொதுநலம். அதற்கு மேலே அவர் எழுதியதில் கொஞ்சம் சொந்த நலமும் கலந்திருந்தது.

மெரினா தேத்தண்ணிக் கோப்பையோடு வந்து எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க இது, 'அம்மாவுக்குக் கோல் எடுத்துப் பேசினாய், மூன்று கட்டம் பின்னே'?"

"பொதுவா எழுதினது. யாரு அம்மாவாவும் இருக்கலாம்."

"ஒங்க அம்மா தவறி வருசமாச்சு. கோல் எடுக்கிற அம்மா இந்த வீட்டுல எனக்கு மட்டும்தான் இருக்காங்க."

"அதுக்கு நான் என்ன பண்ணட்டும்? ஆட்டத்துக்கு இரக்கம் கெடையாது."

"அப்ப இது? 'கணவன் பேச்சைக் கேட்டாய், ஆறு கட்டம் முன்னே.' இதுல யாராவது விழுவாங்களா?"

"ஏன் விழ மாட்டாங்க?"

"இல்ல, சும்மா கேட்டேன். தோட்டத்துல நடக்கிறத மட்டும்தான் போட்டிருக்கீங்கன்னு நெனச்சேன்."

மரியரட்ணம் பென்சிலைக் கீழே வைத்தார். இந்த வாய்க்கு ஒரு பூட்டு வேண்டும் என்று அவருக்குப் பட்டது. உடனே குனிந்து ஏழாம் விதியை எழுதினார்: 'ஆட்டத்தின் போது விதியைப் பற்றி வாதாடுகிறவர் தன் அடுத்த ஆட்டத்தை இழப்பார்.' எழுதியதை இரண்டு தரம் வாசித்தார். ஆண்டவர் கற்பலகையில் எழுதிக் கொடுத்ததற்குப் பிறகு உலகத்தில் இவ்வளவு நல்ல விதி எழுதப்படவில்லை என்று தோன்றியது.

அந்த நாட்களில் வீட்டுப் போன் அடிக்கடி அடித்தது. "தங்கச்சி பேசுறாங்க," என்று மெரினா நீட்டுவாள். "கட்டம் கீறிக்கிட்டு இருக்கேன், பொறகு பேசுறேன்னு சொல்லு," என்பார் அவர். மெரினா போனை எடுத்துக்கொண்டு வெளியே கோழிக்கூட்டுப் பக்கம் போய்விடுவாள்.

அச்சடிக்க ஹட்டனுக்குப் போனார். வீரய்யா என்பவரின் அச்சுக்கடை. கல்யாணக் கார்டும், பூப்புனித நீராட்டு விழா பெனரும், மரண அறிவித்தலும் அடிக்கிற கடை. மரியரட்ணம் தான் கீறிய ஆட்டத்தைக் கொடுத்தார். கீழே மூலையில் 'ஆக்கம்: மரியரட்ணம்' என்று தன் சின்னப் படத்தோடு போடச் சொன்னார். ஆக்கியவன் முகம் உலகத்துக்குத் தெரிய வேண்டாமா? படத்தைப் போனில் அனுப்பிவிட்டு, அடுத்த கிழமை போய் வாங்கிப் பிரித்துப் பார்த்தார்.

கட்டங்கள் எல்லாம் சரிதான். ஆனால் சுற்றிவரக் கருப்புக் கரை. நாலு மூலையிலும் வெள்ளைப் பூ. அவர் படத்துக்கு ஒரு மாலை. பக்கத்தில் குத்துவிளக்கு. அடியில் 'மலர்வு' என்று போட்டு அவர் பிறந்த வருடம். அதற்கு நேரே 'உதிர்வு'.

"வீரய்யா, என்ன இது?"

"கம்பியூட்டர்ல அந்த ஃபிரேம்தான் ரெடியா இருந்திச்சு, கிளாக்கர் ஐயா. படம் வச்சா விளக்கு தானா வந்துரும். பூ நல்லா விழுந்திருக்கு பாருங்க."

"உதிர்வுன்னு போட்டிருக்கே."

"எடம் வெறுமையாத்தானே விட்டிருக்கு. நாங்களா ஒரு தேதி போடுவோமா?"

"நான் வேதக்காரன். எனக்குக் குத்துவிளக்கு ஏத்தி வச்சிருக்கியே."

வீரய்யா உண்மையிலேயே வருத்தப்பட்டார். "அது பெரிய பிழைதான் ஐயா. அடுத்த தரம் வாரப்ப மெழுகுதிரி போட்டுத் தாரேன்."

அடுத்த தரம் எப்போது என்று மரியரட்ணம் கேட்கவில்லை. மறுபடி அடிக்கவும் நேரமில்லை, கிறிஸ்மஸ் நெருங்கிவிட்டது. சுருட்டிக் கொண்டு நோர்வூட் பஸ்ஸில் ஏறினார். பஸ்ஸில் நசுங்கிய நசுக்கில் சுருள் கொஞ்சம் பிரிந்து, மாலை போட்ட படம் வெளியே எட்டிப் பார்த்தது. பக்கத்து சீட்டில் இருந்த சிங்கள அம்மா அதைக் கண்டுவிட்டு நெஞ்சில் கை வைத்தாள்.

"அனே பவ்," என்றாள். "கவுத மே?"

ஐயோ பாவம், யார் இது என்று கேட்கிறவளுக்குப் பொய் சொல்ல மரியரட்ணத்துக்கு மனம் வரவில்லை. "மம தமா," என்றார். நான்தான்.

அந்த அம்மா படத்தைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். பிறகு பையைத் தூக்கிக்கொண்டு எழுந்துபோய் டிரைவருக்குப் பின்னால் நின்றுகொண்டாள்.

வீட்டுக்கு வந்து மேசையில் விரித்தபோது மெரினா சிரிக்கவில்லை. அதுதான் அவருக்கு இன்னும் கோபம். சிரித்திருந்தால் சண்டை பிடித்திருக்கலாம். அவள் கரையைத் தடவிப் பார்த்து, "நல்ல கடுதாசி," என்றாள். பிறகு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"இதுலதான் கிறிஸ்மஸையும் முடிவு பண்ணப்போறோமா?"

"இதுலதான்."

"சரி. நீங்க ஜெயிச்சா ஒங்க தங்கச்சி குடும்பத்தோட கிறிஸ்மஸ். நான் ஜெயிச்சா எங்க அண்ணன் குடும்பத்தோட. ஆனா ஒண்ணு. இத்தன வருசமா ஜெயிச்சது நான்தான், கந்தப்பளையில அடுப்படியில நின்னு எல்லாருக்கும் சமைச்சதும் நான்தான். இந்த வருசமும் அப்படியே இருக்கட்டும். ஜெயிக்கிறவங்க கிறிஸ்மஸ் சமையல பாத்துக்கிறது. தோக்கிறவங்க சும்மா உக்காந்து சாப்பிடுறது. தோத்த மனசுக்கு அந்த ஆறுதலாவது வேணும்தானே."

மரியரட்ணம் மனதுக்குள் கணக்குப் போட்டார். தங்கை வீட்டில் தங்கை இருக்க, அண்ணனை அடுப்புப் பக்கம் விடுவாளா? "நீங்க உக்காருங்கண்ணே," என்று சொல்லிவிட மாட்டாளா? இவள் என்ன இவ்வளவு விவரம் இல்லாமல் வந்து மாட்டுகிறாள் என்று இரக்கமாகக்கூட இருந்தது.

"சம்மதம்," என்றார்.

நடுவராகப் பக்கத்துக் குவாட்டர்ஸ் செல்லசாமியைக் கூப்பிட்டார்கள். பெக்டரியில் மெஷின் பார்க்கிற மனிதர். நாள் முழுக்க ரோலர் சத்தத்தில் நிற்பதால் யார் என்ன பேசினாலும் அமைதியாகக் கேட்டுக்கொண்டிருப்பார். படத்தைக் கண்டதும் செருப்பைக் கழற்றிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

"ஆட்டம்யா அது. உக்காரு," என்றார் மரியரட்ணம்.

ஆட்டம் தொடங்கியது. மெரினா டின்னுக்குள் கை விட்டு முதல் துண்டை எடுத்தாள். நேரே ஹட்டன் பஸ்ஸில் சீட் கிடைத்தது. ஐந்து கட்டம் முன்னே போனாள். மரியரட்ணம் எடுத்தார். அட்டை கடித்தது.

"இது சரியில்ல. சப்பாத்து போட்டவன அட்டை கடிக்காது. நான் சப்பாத்து போட்டுத்தான் மலைக்குப் போவேன்."

செல்லசாமி ஏழாம் விதியைப் பார்த்தார். "ஐயா, இது வாதம். அடுத்த ஆட்டம் போச்சு."

"வாதம் இல்ல செல்லசாமி. விளக்கம்."

"விளக்கம் வாதமா இல்லையான்னு பேசுறதும் வாதம்தானுங்களே. அதுக்கு அடுத்ததும் போச்சு."

மரியரட்ணம் உதட்டைக் கடித்துக்கொண்டார். மெரினா ஒரு வார்த்தை பேசவில்லை. எடுத்தாள், வைத்தாள். எடுத்தாள், வைத்தாள். சிவப்புக் காய் பாட்டுக்கு மலையேறிப் போய்க்கொண்டிருந்தது. ஒருவழியாக முறை வந்து மரியரட்ணம் ஒரு துண்டை எடுத்து எண்ணி வைத்தார். 'அம்மாவுக்குக் கோல் எடுத்துப் பேசினாய்.'

"எனக்கு அம்மாவே இல்லையே. இல்லாத அம்மாவுக்கு எவன் கோல் எடுப்பான்? எந்த நம்பருக்கு எடுப்பான்?"

"ஐயா."

"தெரியுது. போச்சு. சொல்லித் தொலையாத."

கோபத்தில் காது இரண்டும் சூடேறிவிட்டது. தன் கையால் கீறிய கட்டம். தன் கையால் எழுதிய விதி. கட்டத்துக்குக் கட்டம் தன்னையே பிடித்துக் கடிக்கிறதென்றால் எங்கே போய்ச் சொல்வது? தான் பாதி மலையில் நிற்க, மெரினாவின் காய் பங்களா வாசலில் நின்றது. இன்னும் இரண்டே கட்டம். கந்தப்பளைக் குளிர் அவர் முழங்காலில் இப்போதே ஏறத் தொடங்கியது. லீக்ஸ் வாசம்கூட வந்தது.

அப்போதுதான் மெரினா முதல் தடவையாக வாயைத் திறந்தாள்.

"ஏங்க, பனி மூட்டத்த கீழ போட்டிருக்கீங்களே. மேலதானே பனி கூட?"

மரியரட்ணம் நிமிர்ந்தார். "செல்லசாமி, வாதம்."

"வாதம்தானுங்க," என்றார் செல்லசாமி, கொஞ்சம் ஆச்சரியமாக. "அம்மாவுக்கு ஒரு ஆட்டம் போச்சு."

மரியரட்ணம் எடுத்தார். நாலு. ஏறினார்.

"அதோட பெரட்டுக்குப் பிந்தினா லயத்துக்கா அனுப்புவாங்க? ஏசிட்டு வேலைக்குத்தானே அனுப்புவாங்க?"

"வாதம்," என்றார் மரியரட்ணம். குரலில் கோயில் மணி அடித்தது. மறுபடி எடுத்தார். ஐந்து.

"துரை பங்களாவுல இப்ப துரையே இல்லையே. அங்க போய் யாரப் பாக்கிறது?"

"வாதம், வாதம். வாய் சும்மா இருக்காதுன்னு எனக்குத் தெரியும். இதுக்குத்தான் அந்த விதியே எழுதினது."

செல்லசாமி மெதுவாக இருமினார். "அம்மா, நீங்க இவ்வளவு நேரமும் பேசவே இல்லையே. இன்னும் ரெண்டு கட்டந்தானே, பேசாம இருந்தீங்கன்னா..."

"நடுவர் புத்தி சொல்லக் கூடாது," என்று மரியரட்ணம் அதட்டினார். கையை டின்னுக்குள் விட்டு எடுத்தார். எண்ணினார். வைத்த இடத்தைக் குனிந்து பார்த்த செல்லசாமி எழுத்துக்கூட்டி வாசித்தார்.

"கணவன் பேச்சைக் கேட்டாய், ஆறு கட்டம் முன்னே. யாரு கணவன் பேச்ச நீங்க கேட்டீங்க ஐயா?"

"பொதுவா எழுதினதுய்யா."

ஆறு கட்டம் தாவினார். பங்களா. பச்சைக் காய் வாசலில் நின்ற சிவப்புக் காயைத் தாண்டிப்போய் உட்கார்ந்தது. மரியரட்ணம் நாற்காலியை விட்டு எழுந்தார். கலியாணம் ஆன நாளிலிருந்து இந்த வீட்டில் அவர் ஜெயித்த முதல் ஆட்டம். மெரினா எழுந்து, தோற்றவள் என்ற முறையில், பாத்திரங்களைக் கழுவப் போனாள். அந்தத் தண்ணீர்ச் சத்தம் அவருக்கு நாதஸ்வரம் மாதிரி இருந்தது.

"மூளை, செல்லசாமி. எல்லாம் மூளை," என்றார்.

போனை எடுத்துத் தங்கைக்கு அடித்தார். சத்தம் சமையலறைக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார்.

"மரியநாயகி, இந்த வருசம் கிறிஸ்மஸ் ஒன்னோடதான். அண்ணன் வாரேன்."

"தெரியும்ண்ணே," என்றாள் தங்கை. "ஆனா அக்கரப்பத்தனைக்கு வந்துறாதீங்க. இங்க கூரையே இல்ல."

"கூரை இல்லையா?"

"தகரமெல்லாம் உக்கி ஒழுகுதுன்னு கழட்டிப் போட்டிருக்காங்க. புதுசு வார வரைக்கும் அடுத்த லயத்துல ஒரு மூலையில ஒண்டிக்கிட்டு இருக்கோம். அதச் சொல்லத்தானே எத்தன தரம் கோல் எடுத்தேன். நீங்க என்னமோ கட்டம் கீறுறீங்கன்னு சொன்னாங்க."

"அப்ப கிறிஸ்மஸுக்கு என்ன செய்யப்போறீங்க?"

"அதான் அண்ணி எல்லாம் பேசி முடிச்சிட்டாங்களே. நாங்க எல்லாரும் கந்தப்பளைக்கு வாரோம். ஜூலியன் அண்ணன் லொறி அனுப்புறாரு. எங்க மாமியாரு, கொழுந்தன் பிள்ளைங்க, எல்லாரும்தான். இப்படி ஒரு அண்ணி யாருக்குண்ணே கெடைப்பாங்க?" தங்கையின் குரல் தழுதழுத்தது. பிறகு தேறிக்கொண்டாள். "அதோட இந்தத் தரம் ரெண்டு குடும்பத்துக்கும் நீங்கதான் சமைக்கிறீங்களாமே. போன கெழமையே அண்ணி சொல்லிட்டாங்க. கேட்டதுலருந்து எங்க வீட்டுல எல்லாருக்கும் ஒரே சந்தோசம்."

போன கிழமை. போன வாரம் ஆட்டம் இன்னும் வீரய்யாவின் கடையில் ஈரம் காயாமல் கிடந்தது.

போனை வைத்துவிட்டு மரியரட்ணம் செல்லசாமியைப் பார்த்தார். செல்லசாமி கூரையைப் பார்த்தார். பிறகு செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு சத்தமில்லாமல் வெளியேறினார்.

சமையலறையில் தண்ணீர் நின்றது. மெரினா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். கோபப்பட மரியரட்ணத்துக்கு ஆயிரம் இருந்தது. ஆனால் எதைச் சொல்லிக் கோபப்படுவது? தங்கையோடு கிறிஸ்மஸ் கேட்டார், கிடைத்துவிட்டது. ஜெயிக்க வேண்டும் என்றார், ஜெயித்துவிட்டார். கூரை இல்லாதவளுக்கு இவள் ஓர் இடம் பார்த்துக் கொடுத்திருக்கிறாள், அண்ணன் என்று தான் ஒருவன் இருந்தும் போனைக்கூட எடுக்கவில்லை. கண் எரிந்தது.

மெரினா அவர் தோளில் ஒட்டியிருந்த பென்சில் தூளைத் தட்டிவிட்டாள்.

"மனசுல வச்சுப் புழுங்காதீங்க," என்றாள். "அண்ணன் ஒரு மூட்டை வெங்காயம் எறக்கி வச்சிருக்காரு. உரிக்கிறப்ப அழுதுக்கலாம், யாருக்கும் தெரியாது."